ட்ரவுட் ரீலுக்கு 80 மில்லிமீட்டர் இரட்டைக் கைப்பிடி: தெரிவும் செய்முறையும்

கைப்பிடி கடைசியில் ஆடாமல் சுற்றுகிறது. விரலால் பிடிக்கும் குமிழுக்குக் குமிழ் 80 மி.மீ., நிறை 30 கிராம், செலவு பத்தாயிரம் இலங்கை ரூபாய்க்குச் சற்றுக் கீழே. தூண்டில் லைனைச் சுற்றியெடுக்கும் அந்த ரீல் மச்சானுடையது. அவன் ஜப்பானில் வேலை செய்கிறான், குளிர்காலம் வந்தால் ஞாயிற்றுக்கிழமைகளில் காசு கட்டி மீன் பிடிக்கும் குளங்களுக்குப் போய்விடுவான். அங்கே ரெயின்போ ட்ரவுட்டை வளர்த்து விட்டிருப்பார்கள். லீவில் மட்டக்களப்புக்கு வந்தபோது அந்த ரீலையும் பெட்டியில் போட்டுக்கொண்டு வந்தான், நான் ரீல் கழற்றிக் கழுவிப் பூட்டுகிறவன் என்பதால் சர்வீஸ் செய்துகொள்ளலாம் என்று. சர்வீஸ் ஒரு மணித்தியால வேலை. கைப்பிடிதான் அவன் திரும்பிப் போகும் வரைக்கும் இழுத்தது.

ட்ரவுட் நம்ம வாவியில் இல்லை, இருக்கவும் முடியாது, குளிர்ந்த தண்ணீர் மீன் அது. இலங்கையில் அதைப் பார்க்க வேண்டுமென்றால் நுவரெலியா, ஹோர்ட்டன் சமவெளிப் பக்கத்து ஓடைகளுக்குத்தான் போக வேண்டும், அதுவும் வெள்ளைக்காரர் காலத்தில் கொண்டுவந்து விட்டது. ஆனால் கைப்பிடியை அளந்து தெரிவு செய்கிற வேலைக்கு மீன் தேவையில்லை. தண்ணீரும் லூர் என்கிற சின்னப் பொய் இரையும் மெல்லச் சுற்றுகிற ஒரு கையும் இருந்தால் போதும்.

மச்சான் பிடிக்கும் விதத்தைச் சொல்லாவிட்டால் மீதி புரியாது. குளத்தில் போடுவது ஸ்பூன் என்கிற சின்னத் தகட்டு லூர், ஒரு கிராம், ஒன்றரைக் கிராம், சிலவேளை அதற்கும் குறைவு. எறிந்து, ஒரே ஆழத்தில், ஒரே வேகத்தில் சுற்றிக்கொண்டு வர வேண்டும். வேகம் கூடினால் ஸ்பூன் மேலே எழும், குறைந்தால் தாழும். பின்னால் வருகிற மீன் அந்த மாற்றத்தில் விலகிப் போய்விடும். விநாடிக்கு ஒரு சுற்று என்பது அவர்கள் ஆரம்பிக்கிற வேகம், அங்கிருந்து கூட்டியும் குறைத்தும் பார்ப்பார்கள். மலை ஓடையில் ட்ரவுட் பிடிக்கிறவர்களின் கணக்கு வேறு. அங்கே நீரோட்டத்துக்கு எதிராக எறிகிறார்கள், லூர் தண்ணீரோடு சேர்ந்து தங்களை நோக்கியே ஓடி வரும், லைன் தொய்யாமல் இருக்க விறுவிறுவென்று சுற்ற வேண்டும், அதற்கு வேகக் கியரும் கட்டையான கைப்பிடியும். எனவே யாராவது ட்ரவுட்டுக்கு நல்ல கைப்பிடி எது என்று கேட்டால், குளமா ஓடையா என்று முதலில் கேட்டுவிட்டுத்தான் பதில் சொல்லலாம். விளம்பரங்களில் இரண்டையும் ஒரே வரியில் போட்டு விற்கிறார்கள்.

அவனுடைய ரீல் ஷிமானோ, 1000 என்கிற சின்ன அளவு, மெதுவான கியர். கைப்பிடியை ஒருதரம் சுற்றினால் லைனைச் சுற்றுகிற ரோட்டர் நாலரைச் சுற்றுக்குச் சற்றுக் குறைவாகச் சுற்றுகிறது. டேப் பிடித்து அளந்தேன், ஒரு சுற்றுக்கு 58 செ.மீ. லைன் வருகிறது. கூட வந்த கைப்பிடி ஒற்றை, நடுவிலிருந்து குமிழ் வரைக்கும் 35 மி.மீ., தங்கம் நிறுக்கிற சின்னத் தராசில் 22 கிராம். நல்ல கைப்பிடி, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் சுற்றுவதை நிறுத்திக் குமிழை மேலே வைத்து விரலை எடுத்தால் அது தன் பாரத்தில் கீழே விழும். கால் சுற்று போனாலும் 14 செ.மீ. லைன் உள்ளே வந்துவிடுகிறது, ஒரு கிராம் ஸ்பூனுக்கு அது பெரிய அசைவு. இன்னொன்று, ஒற்றைக் கைப்பிடியில் குமிழ் மேலிருந்து கீழே வரும் பாதிச் சுற்றில் கை சற்று வேகமாகப் போகிறது, ஏறும் பாதியில் மெதுவாகிறது. வாவியில் நாங்கள் கொடுவாவுக்குச் சுற்றும்போது இதை யாரும் கவனிக்க மாட்டோம். ஃபோனில் மெதுவோட்டமாக வீடியோ எடுத்துப் பார்த்தபோது அப்பட்டமாகத் தெரிந்தது.

இரட்டைக் கைப்பிடி என்றால் இரு நுனியிலும் குமிழ், இரண்டு பக்கமும் சம பாரம், எங்கே விட்டாலும் அங்கேயே நிற்கும். அதனால்தான் குளத்து ட்ரவுட்காரர்களில் நிறையப் பேர் இரட்டைக்கு மாறுகிறார்கள். ஜப்பானிலேயே வாங்கலாமே என்றால், லிவ்ரே போன்ற பெயர்பெற்ற டைட்டானியக் கைப்பிடி இருபதாயிரம் யென்னைத் தாண்டும், நம்ம காசில் நாற்பதாயிரத்துக்கு மேல். மச்சான் காசைக் கண்டு பின்வாங்குகிறவன் அல்ல. ஆனால் 72, 80, 90, 100 என்று நீளங்கள் வரிசையாகக் கிடக்கும்போது எந்த நீளம் தன் கைக்குச் சரி என்று தெரியாமல் அவ்வளவு காசைப் போட அவனுக்கு மனமில்லை. அப்படியானால் முதலில் நீளத்தைக் கண்டுபிடிப்போம் என்று ஆரம்பித்தது இது.

வாங்குகிறவர்களுக்கு இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஒற்றைக் கைப்பிடியின் நீளத்தை நடுவிலிருந்து குமிழ் வரைக்கும் சொல்வார்கள், இரட்டையின் நீளத்தைப் பெரும்பாலும் குமிழிலிருந்து குமிழ் வரைக்கும் சொல்வார்கள். 80 மி.மீ. இரட்டை என்பது 40 மி.மீ. ஒற்றைக்குச் சமம். இதைக் கவனிக்காமல் 45 ஒற்றையை விட 70 இரட்டை நீளம் என்று நினைத்து வாங்கினால் வந்து சேர்வது கட்டையானது.

கொழும்பிலிருந்து இணையத்தில் விற்கும் ஒரு மலிவான சீனத்து இரட்டைக் கைப்பிடியை எடுத்தோம், டெலிவரியோடு 5,200 ரூபாய். நீளம் 95, நிறை 37 கிராம். அந்த நீளம் எங்களுக்கு வேண்டாம், வேண்டியது நடுவில் இருந்து ரீலுக்குள் திருகிப் போகும் புரித்தண்டுதான். திருகிப் பூட்டும் ரீல்களுக்கு அந்தத் தண்டில் இரண்டு படி இருக்கும், ஒன்று தடிப்பு, ஒன்று மெலிவு. ஒன்றில் வலப்புரி, மற்றதில் இடப்புரி. ரீலின் வலப் பக்கம் போட்டால் ஒரு படி பிடிக்கும், இடப் பக்கம் போட்டால் மற்றப் படி. சுற்றச் சுற்ற இறுகுகிற மாதிரிதான் இரு பக்கமும் வெட்டியிருப்பார்கள், அதனால் கழற்றுவதற்குப் பின்பக்கமாகச் சுற்ற வேண்டும். ஷிமானோவின் புரி டைவாவுக்குப் போகாது. விற்பனைப் பக்கத்தில் 1000 முதல் 4000 வரை எல்லா ரீலுக்கும் பொருந்தும் என்று போட்டிருந்தாலும், எந்தக் கம்பனியின் புரி என்று எழுதிக் கேட்டு வாங்குவது நல்லது. விலை குறைந்த ரீல்களில் கைப்பிடியின் சதுர அல்லது அறுகோணத் தண்டு மறுபக்கம் வரைக்கும் ஊடுருவிப் போய், அங்கே ஒரு மூடித் திருகாணியால் இறுகும். அந்த வகைக்கு இதில் எதுவும் பொருந்தாது.

நான் வாங்கியதில் புரித்தண்டின் தலையில் 12 மி.மீ. அகலத்துக்கு ஒரு காடி, அதில் குமிழ்களைத் தாங்கும் பட்டை உட்கார்ந்து, வெளியிலிருந்து ஒரு அலன் திருகாணியால் பிடிக்கப்பட்டிருந்தது. இது அதிர்ஷ்டம். பட்டையை மட்டும் மாற்றினால் போதும். அலுமினியக் கதவு ஜன்னல் செய்யும் கடையில் 12க்கு 3 மி.மீ. தட்டைக் கம்பியின் வெட்டுத்துண்டு ஒன்று கேட்டேன், தேநீர்க் காசு என்று 200 ரூபாய் கொடுத்துவிட்டு வந்தேன்.

முதலில் செய்தது சோதனைப் பட்டை. நடுவில் ஒரு துளை, அங்கிருந்து இரு பக்கமும் 30, 35, 40, 45 மி.மீ. தூரங்களில் துளைகள். சீனத்துக் கைப்பிடியில் குமிழ்த் தண்டுகள் பட்டையோடு அடித்து இறுக்கப்பட்டிருந்ததால் அவற்றைக் கழற்ற முடியவில்லை. குமிழை மட்டும் கழற்றி, 4 மி.மீ. போல்ட்டில் ஏற்றி, பட்டையின் இரு பக்கமும் நட் போட்டு இறுக்கினேன். குமிழுக்குள் இருக்கும் பெயாரிங்கின் உள்விட்டமும் 4 மி.மீ. என்பதால் ஏறிவிடும், கொஞ்சம் லொடலொடக்கும், சோதனைக்கு அது பரவாயில்லை. பார்க்க அசிங்கமான சாமான்தான். ஆனால் முழு வேலையிலும் பிரயோசனமானது இதுதான், நாற்பதாயிரம் ரூபாய்க் கைப்பிடி வாங்கப் போகிறவர்களும் முதலில் இப்படி ஒன்றைச் செய்து பார்க்கலாம்.

மண்முனைப் பாலத்தடிக்குக் கொண்டுபோனோம், பின்நேரம், காற்று விழுந்த பிறகு. ஃபோனில் தாளம் தட்டுகிற ஆப் ஒன்றை நிமிடத்துக்கு 60 என்று வைத்து, ஒன்றரைக் கிராம் ஸ்பூனை எறிந்து, ஒவ்வொரு துளையிலும் மாற்றி மாற்றிச் சுற்றினான். நான் பக்கத்திலிருந்து ரொட்டின், அதாவது தூண்டில் கம்பின், நுனியை வீடியோ எடுத்தேன். 30இல் வேகம் பிடிப்பது லேசு, ஆனால் மெதுவாகச் சுற்றும்போது துண்டு துண்டாக வருகிறது. குமிழ் போகும் வட்டம் 19 செ.மீ. கூட இல்லை, விரலின் சின்னத் தயக்கமும் சுற்றில் பெரிய பங்காகிவிடுகிறது. 45இல் வட்டம் 28 செ.மீ., விரலும் மணிக்கட்டும் போதாமல் முழங்கைக்குக் கீழே முழுதும் அசைகிறது, அந்த அசைவு ரொட்டுக்கு ஏறி நுனி ஆடுகிறது. 35க்கும் 40க்கும் நடுவில்தான் சண்டை.

மச்சானுக்கு 35 பிடித்திருந்தது, பழகின நீளம் அல்லவா. அதனால் கண்ணைக் கட்டச் சொன்னேன். அவன் கண்ணை மூடிக்கொண்டிருக்க நான் துளையை மாற்றிப் பூட்டிக் கையில் கொடுப்பேன், எது நல்லது என்று மட்டும் சொல்ல வேண்டும். தெரியாமல் சுற்றும்போது 40ஐத்தான் திரும்பத் திரும்ப எடுத்தான், சிலவேளை அது 35 என்று நினைத்தே எடுத்தான். நான் சுற்றிப் பார்த்தபோது எனக்கு 45 வசதியாக இருந்தது, நான் வாவியில் 55 மி.மீ. கைப்பிடியோடு பழகினவன், விரலும் தடிப்பு. ஆக, இந்த ரீலுக்கு இந்த நீளம் என்று ஊருக்கெல்லாம் சேர்த்து ஒரு பதில் கிடையாது என்பது எனக்கு அங்கேதான் உறைத்தது. 40 மி.மீ. என்பது மச்சானின் கைக்கு, மெதுவான கியரில், ஒன்றரைக் கிராம் ஸ்பூனுக்கு வந்த பதில். இடையில் ஒரு பாரைக் குஞ்சு ஸ்பூனைக் கவ்வியது, விரல் நீளம்தான். அதையும் கணக்கில் எடுக்கச் சொல்லி அடம்பிடித்தான்.

சரி, 80 மி.மீ. இரட்டை என்று முடிவாயிற்று. நிறையைக் குறைக்க முதலில் 2 மி.மீ. தகட்டில் ஒன்று வெட்டிப் பார்த்தேன். மிச்சமானது இரண்டரைக் கிராம். பூட்டி, ரோட்டரை விரலால் பிடித்துக்கொண்டு சுற்றினால் பட்டை பக்கவாட்டில் வளைவது விரலுக்குத் தெரிந்தது. தடிப்பு ஒன்றரை மடங்கானால் விறைப்பு மூன்று மடங்குக்கு மேல் கூடும், அதனால் இரண்டரைக் கிராமுக்காக அதை விட்டுக்கொடுப்பதில் அர்த்தமில்லை. திரும்பவும் 3 மி.மீ.க்கே வந்தேன். நடுவில் காடியில் உட்காரும் பகுதியை 12 அகலத்திலேயே விட்டு, அங்கிருந்து நுனி வரைக்கும் 8 மி.மீ. ஆகும் வரைக்கும் அரத்தால் ஒடுக்கினேன். 8க்குக் கீழே போகக் கூடாது, 4 மி.மீ. துளைக்கு இரு பக்கமும் 2 மி.மீ. சதை வேண்டும்.

துளை போடுவதில் கை ட்ரில்லை நம்பாதீர்கள். சோதனைப் பட்டையில் கையால் போட்ட துளைகள் கொஞ்சம் சரிவு, குமிழ் சாய்ந்து நின்றது, சுற்றும்போது விரலுக்குள் ஒரு நெளிவு. இந்த முறை நிலை ட்ரில்லில், நடுத் துளையையும் இரு நுனித் துளைகளையும் ஒரே பிடியில், வைஸைக் கழற்றாமல் போட்டோம். வெர்னியரில் பார்த்தால் ஒரு பக்கம் 39.9, மறுபக்கம் 40.1. அது எந்தக் கைக்கும் தெரியாது. நுனித் துளைகள் 3.3 மி.மீ., அதில் 4 மி.மீ. புரி வெட்டியது. 3 மி.மீ. தடிப்பில் நாலு புரி வரும், அதற்குப் புரி கழறாமல் பிடிக்கும் பசையும் போட்டுப் பின்பக்கம் லேசாகச் சுத்தியலால் மடக்கிவிட்டால் கழறாது.

குமிழ்த் தண்டுகளுக்குக் கல்முனைக்குப் போனேன். அங்கே லேத் வைத்திருக்கும் காக்கா (எங்கள் பக்கத்தில் முஸ்லிம் அண்ணன்மாரை அப்படித்தான் கூப்பிடுவது) படகு எஞ்சின் தண்டும் ஆட்டோ சாமானும் கடைகிறவர். 4 மி.மீ. தண்டின் படத்தைக் காட்டினதும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "என்ன தம்பி, மூக்குத்தியா?" என்றார். அப்புறம் இரண்டு நாள் கழித்து வா என்று சொல்லிவிட்டு அன்றைக்கே கடைந்தும் தந்தார். துருப்பிடிக்காத இரும்புக் கம்பி. ஒரு முனையில் பட்டைக்குள் போகும் 4 மி.மீ. புரி, அதற்கு மேலே 6 மி.மீ. தோள், பின் வழுவழுப்பான 4 மி.மீ. தண்டு, நுனியில் குமிழைப் பிடிக்கும் திருகாணிக்கு 2.5 மி.மீ. உட்புரி. நீளத்தைச் சீனத்துக் கைப்பிடியின் தண்டிலிருந்தே அளந்து கொடுத்தேன். முதலில் வந்தது 4.02, பெயாரிங் ஏறவில்லை. லேத்திலேயே வைத்து எமரித் தாளால் 3.98க்குக் கொண்டுவந்தார். அந்த நூறில் நாலு பங்கு மில்லிமீட்டருக்குத்தான் நல்ல வெர்னியர் வேண்டும், பிளாஸ்டிக்கில் விற்பதை வைத்து இந்த வேலை பார்க்க முடியாது. உட்புரி வெட்டுகிற 2.5 மி.மீ. டெப் இங்கே எந்த ஹார்ட்வெயரிலும் இல்லை, கொழும்பிலிருந்து எடுப்பித்தேன், 950 ரூபாய். அதற்கு முந்தின துளை 2.05 மி.மீ. அவ்வளவு மெல்லிய பிட்டைத் துருப்பிடிக்காத இரும்பில் அவசரமாக இறக்கினால் உடைந்து உள்ளேயே நின்றுவிடும், எண்ணெய் விட்டுவிட்டு, கொஞ்சம் இறக்கி வெளியே எடுத்து, திரும்பவும் இறக்கி என்று காக்கா பொறுமையாகச் செய்தார். கூலி 1,500. இன்னும் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன்.

குமிழ்கள். இதில் மச்சானுக்கும் எனக்கும் ஒத்துப்போகவில்லை. அவனுக்கு அலுமினியத்தில் கடைந்த நிறக் குமிழ் வேண்டும், படத்தில் வடிவாக இருக்கும். ஜப்பானில் ஜனவரி மாதக் காலையில் குளக்கரையில் நின்று, ஈரக் கையால் உலோகத்தைப் பிடித்துக்கொண்டு நாலு மணித்தியாலம் சுற்றப் போகிறவன் அவன்தான், நான் இல்லை, என்று சொல்லிப் பார்த்தேன். கடைசியில் சீனத்துக் கைப்பிடியோடு வந்த இ.வி.ஏ. நுரைக் குமிழையே போட்டோம், செருப்பில் வருகிற அதே பொருள்தான். குளிராது, நிறை குறைவு, ஈரத்தில் வழுக்காது. கருங்காலியில் கடையலாமா என்றும் ஒரு யோசனை வந்தது, பார்க்க அருமையாக இருக்கும், ஆனால் கனம். குமிழில் கூடுகிற கிராம் நுனியில் கூடுகிறது, பட்டையில் மிச்சம் பிடித்ததை அது விழுங்கிவிடும்.

சீனத்துக் குமிழ்களில் ஒவ்வொன்றிலும் ஒரு பெயாரிங், மற்ற இடத்தில் பிளாஸ்டிக் வளையம். அதைக் கழற்றிவிட்டு நாலிலும் புதுப் பெயாரிங் போட்டேன், வெளிவிட்டம் 7, உள்விட்டம் 4, தடிப்பு 2.5 மி.மீ. இந்த அளவுதான் இரண்டு பெரிய ஜப்பான் கம்பனிகளின் சின்ன ரீல் குமிழ்களிலும் வருகிறது, அதனால் தேடிப் பிடிப்பது கஷ்டமில்லை. ஒன்று 350 ரூபாய். பிறகு வோஷர் விளையாட்டு. 0.1, 0.2, 0.3 மி.மீ. தடிப்பில் சின்ன வோஷர்கள் பக்கெட்டாக வருகின்றன, 600 ரூபாய். குமிழை முன்னும் பின்னும் தள்ளினால் டிக் என்று சத்தம் வந்தால் ஒரு 0.1 போட வேண்டும், சுழற்றிவிட்டால் உடனே நின்றால் ஒன்றை எடுக்க வேண்டும். ஒரு குமிழுக்கு 0.3 போதுமாக இருந்தது, மற்றதற்கு 0.4 தேவைப்பட்டது, தண்டின் தோள் இரண்டும் ஒரே மாதிரி வரவில்லை போல. இதில் அவசரப்படக் கூடாது. டிக் சத்தம் கையில் மீன் தட்டின மாதிரியே வரும், ட்ரவுட் மெல்லத்தான் தட்டும், இரண்டையும் பிரித்தறிய முடியாமல் போய்விடும்.

பெயாரிங்குக்கு நான் வழக்கமாகக் கிரீஸ்தான் வைப்பேன், உப்புத்தண்ணீருக்கு அதுதான் காப்பு. இங்கே மெல்லிய எண்ணெய் ஒரு துளி மட்டும். குளிரில் கிரீஸ் இறுகிவிடும், சுற்றுக்குப் பாரம் ஏறும், அது குளத்து நன்னீர் வேறு.

பூட்டுவதற்கு முன் சமன் பார்த்தேன். இரண்டு ஷேவிங் பிளேட்டுகளை மரக்கட்டையில் நட்டு, புரித்தண்டைக் குறுக்கே வைத்தால் பாரமான பக்கம் கீழே போகும். அந்தப் பக்கத்துப் பட்டை விளிம்பில் அரத்தால் மெல்ல உராய்ந்து உராய்ந்து, எந்த நிலையில் விட்டாலும் நிற்கும் வரைக்கும் கொண்டுவந்தேன். ஒற்றைக் கைப்பிடி விழுந்த குறைக்குத்தான் இந்தப் பாடு முழுவதும், ஆகவே இதில் அரைமனதாக நிற்க முடியாது. பிறகு எமரித் தாள் 400, 800, 1200 என்று இழுத்து, பித்தளை பொலிஷ் போட்டு மினுக்கினேன். நிறம் ஏற்றுவதென்றால் கொழும்புக்கு அனுப்ப வேண்டும், அதற்கு நேரமும் இல்லை, இரண்டு பேருக்கும் மனமும் இல்லை.

மொத்தச் செலவு: கைப்பிடி 5,200, அலுமினியம் 200, லேத் 1,500, டெப் 950, பெயாரிங் நாலும் 1,400, வோஷர் 600. 9,850 ரூபாய். கல்முனைக்குப் போய்வந்த பெட்ரோலை நான் எழுதவில்லை, மச்சானும் கேட்கவில்லை.

வாவியில் திரும்பவும் போட்டுப் பார்த்தபோது வித்தியாசம் பேசத் தேவையில்லாத அளவுக்கு இருந்தது. அதே தாளம், அதே ஸ்பூன், ரொட் நுனி அமைதி. ஒற்றையை விட 8 கிராம் கூட, அந்தப் பாரமே ஓட்டத்தை நிதானமாக வைத்திருக்கிறது என்பது என் எண்ணம். சுற்ற ஆரம்பிக்கும்போதும் நிறுத்தும்போதும் அந்த 8 கிராமை விரல் உணரத்தான் செய்கிறது. அடிக்கடி நிறுத்தி நிறுத்தி இழுக்கிற லூர்காரருக்கு இது பிடிக்காமல் போகலாம்.

ஒரு தொல்லையையும் சொல்ல வேண்டும். இரட்டைக் கைப்பிடியில் எப்போதும் ஒரு குமிழ் எங்கேயாவது நீட்டிக்கொண்டு நிற்கும். கச்சான் காற்று எழும்பின ஒரு பின்நேரம் எறிந்த கையோடு தொய்ந்த லைன் பின்னுக்கு வந்து குமிழில் சுற்றிக்கொண்டது. எறிவதற்கு முன் பட்டையை ரொட்டோடு நேராக, முன்னும் பின்னுமாக வைத்துவிட்டு எறிந்தால் அநேகமாகச் சிக்காது. மேலும் கீழுமாக நின்றால்தான் மேல் குமிழ் லைன் போகும் பாதைக்குக் கிட்ட வருகிறது.

மச்சான் போய், அங்கே குளத்தில் போட்டுவிட்டு வட்ஸ்அப்பில் வீடியோ அனுப்பினான். கையுறை விரல் வெட்டினது, வாயில் புகை, பின்னால் எல்லாரும் ஜாக்கெட்டோடு நிற்கிறார்கள். கைப்பிடி ஒழுங்காகச் சுற்றுகிறது. மீன் கூடினதா என்று கேட்டேன். அது கைப்பிடியாலா, அன்றைக்குத் தண்ணீர் நல்லாயிருந்ததாலா என்று அவனுக்கே தெரியாதாம், ஆனால் ஒரே ஆழத்தில் ஸ்பூனைப் பிடித்து வைப்பது இப்போது யோசிக்காமல் வருகிறது என்றான். எனக்கு அது போதும். குமிழ் மட்டும் விரல் மரத்துப்போனதும் பெரிதாகத் தெரிகிறதாம், இன்னும் கொஞ்சம் ஒல்லியாக வேண்டுமாம். நுரைதானே, எமரித் தாளால் அவனே தேய்த்துக்கொள்ளலாம் என்று எழுதினேன்.

இன்னொரு தரம் செய்தால் இரண்டு விஷயத்தை மாற்றுவேன். தண்டைப் பட்டையில் திருகி மடக்குவதற்குப் பதிலாகப் பின்பக்கம் மெல்லிய நட் ஒன்றுக்கு இடம் விடுவேன், தேய்ந்தால் மாற்றலாம், இப்போது மாற்ற வேண்டுமென்றால் பட்டையே போய்விடும். மற்றது துரு. அலுமினியமும் துருப்பிடிக்காத இரும்பும் உப்புத்தண்ணீரில் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் அரிக்கப்படும். என்னிடமே கிடக்கும் சோதனைப் பட்டையைக் கழுவாமல் விட்டிருந்தேன், போல்ட்டைச் சுற்றி வெள்ளைப் பொடி பூத்திருந்தது. நன்னீர்க் குளத்தில் அது அவனுக்குப் பிரச்சினை இல்லை. வாவிக்கென்று செய்கிறவர்கள் தொடும் இடமெல்லாம் கிரீஸ் பூசிப் பூட்டுங்கள், வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் அலசுங்கள், குமிழுக்குள் இருக்கும் பெயாரிங்தான் முதலில் துருவேறும்.

இந்த வேலை முடிந்த கையோடு என்னுடைய 2500 ரீலையும் எடுத்து நீண்ட சோதனைப் பட்டை ஒன்றில் 45, 50, 55, 60 என்று பார்த்தேன். கொடுவாவுக்கு இரட்டை வேண்டாம். மீன் ஓடும்போது முழுக் கையால் பிடிக்க ஒரு பெரிய உருண்டைக் குமிழ் வேண்டும், லைன் சிக்க இன்னொரு குமிழ் நீட்டிக்கொண்டும் இருக்கக் கூடாது. ஒற்றை, 55. கண்ணைக் கட்டியும் அதையேதான் எடுத்தேன். பட்டை வெட்டி ஒரு பக்கம் துளையும் போட்டாயிற்று. தண்டை மட்டும் காக்காவிடம் இந்த முறை ஒரு மில்லிமீட்டர் நீட்டிக் கடையச் சொல்லியிருக்கிறேன், பெரிய குமிழுக்கு வோஷர் போட இடம் வேண்டும்.